பாப்பாவின் இடது கன்னம்

என் நாத்தனாரை வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூத்தவள். காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகும் பாப்பாதான். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "இவ கிழவியானாலும் பாப்பாதானா?" என்று. "கடைசியா பொறந்தவ பாப்பாதான். அதுக்கு என்ன வயசு?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வயதில் சின்னவளான நான் அவளை வா, போ என்பேன். அவள் என்னை வாங்க, போங்க அண்ணி என்பாள். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குப் பழகிப்போனது.

அவளுக்கு இடது கன்னத்தில், காதுக்கு முன்னால் தொடங்கித் தாடைக்குக் கீழே கழுத்து வரை, பிறந்ததிலிருந்தே ஒரு வீக்கம். தொட்டால் தண்ணீர் நிரப்பின பை மாதிரி மெத்தென்று இருக்கும். வலி கிடையாது. சளி பிடித்தால் கொஞ்சம் பெருக்கும், சளி போனால் தானே வற்றும். மற்றபடி அவள் வளர வளர அதுவும் முகத்தோடு சேர்ந்து வளர்ந்ததே தவிர, தனியாக ஆட்டம் காட்டியதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு முறை கத்தி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் சேர்ப்பதற்குள் அதே இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. தாடையோரம் ஒரு நீளத் தழும்பு மட்டும் மிச்சம்.

என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முன்னால் கண்ணாடிக் கவுண்டர், அதற்குப் பின்னால் குடை விளக்கும் ஸ்டூலும் போட்ட படமெடுக்கிற அறை, கடைசியில் கம்ப்யூட்டர் இருக்கிற ஒடுங்கின அறை. அந்த ஒடுங்கின அறை பாப்பாவுடையது. பரு, கருவளையம், கலைந்த முடி, கோணலாக நிற்கிற காலர் எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்து சரிசெய்வாள். இந்தத் தொழிலில் அதற்கு டச்சிங் என்று பேர். டச்சிங் போடாமல் ஒரு படம்கூடக் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். "இருக்கிற மூஞ்சியப் பாக்கணும்னா வீட்டுல கண்ணாடி இல்லையா? நம்மகிட்ட எதுக்கு வர்றாங்க?" என்பாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

எல்லார் முகத்துக்கும் பாப்பா டச்சிங் போடுவாள். பாப்பா முகத்துக்கு மட்டும் அவள் அண்ணன் போடுவார். அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, இடது கன்னத்தை வலது கன்னத்துக்குச் சமமாக்கி, தழும்பை அழித்து, தாடையை நேராக்கி, பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் இழைத்துக்கொண்டிருப்பார். தங்கை மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்தார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தப் பாசத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

கடை வாசலில் மாதிரிக்கு மாட்டியிருக்கிற படங்களில் பாப்பாவின் படமும் ஒன்று. ஒரு தடவை ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பாப்பாவிடமே, "இது யாரு, உங்க தங்கச்சியா? லட்சணமா இருக்காளே" என்று கேட்டாள். "ஆமாங்க, தங்கச்சிதான். கட்டிக் குடுத்துட்டோம்" என்றாள் பாப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்னொரு நாள் இன்னொருவர் அதையே கேட்டபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரன்கூட வந்தது. வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் கேட்டு அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் படத்துக்கு வருவார்களே, அப்போது பார்க்க வேண்டும் அவளை. குழந்தை கண்ணைத் திறக்காது, நேராகப் பார்க்காது, வீறிட்டு அழும். பெற்றவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. என் வீட்டுக்காரர், "பாப்பா, வா" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் வந்து கேமராவுக்குக் கீழே குத்த வைத்து உட்காருவாள். வாய்க்குள் காற்றை அடக்கி அந்த வீங்கின கன்னத்தை இன்னும் உப்பவைத்து, ஒரு விரலால் அதைக் குத்துவாள். 'பொப்' என்று உதட்டில் ஒரு சத்தம் வரும், கன்னம் குலுங்கும், உடனே காது வரைக்கும் ஒரு சிரிப்பு. எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் வாயைப் பிளந்து பார்க்கும். அந்தக் கன்னத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் எங்கள் தெருவிலேயே அந்தப் பொடிசுகள்தான். குழந்தைப் படமென்றால் 'கன்னத்து அக்கா' கடைக்குப் போ என்று ஜனங்கள் சொல்லுவார்கள். அவள் காதுபடவே சொல்லுவார்கள். அவளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மோசமான சளி. காலையில் எழுந்து வந்தவளைப் பார்த்து என் கையிலிருந்த பாத்திரம் நழுவிவிட்டது. கன்னம் இரண்டு மடங்காகி, கல் மாதிரி இறுகி, கருநீலமாகக் கிடந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொல்லி மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நாளில் நீலம் மஞ்சளாகி, வீக்கம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அங்கே இருந்த அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், யாரையும் அதட்டாதவர். எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தக் குழாய் மாதிரியே, உடம்பு முழுக்க நிணநீர் ஓடுற குழாயும் இருக்கு. கருவுலயே இவங்களுக்கு அது இந்த இடத்துல சரியா அமையல. வழி இல்லாம தேங்கி, பஞ்சு மாதிரி பொடிப்பொடி அறையா ஆயிடுச்சு. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. பெரிய பையா இருந்தா ஊசி போட்டே சுருக்கிடலாம். இவ்வளவு பொடிசா இருந்தா ஊசி அவ்வளவா எடுபடாது."

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா டாக்டர்?" என்று பாப்பா கேட்டாள்.

"சிரிக்கிறது, கண்ணை மூடுறது, உதட்டைக் குவிக்கிறது எல்லாத்துக்கும் ஒரே நரம்புதான். அது கிளை பிரிஞ்சு இந்தப் பஞ்சுக்கு ஊடாத்தான் போகுது. முழுசா எடுக்கப் போனா நரம்பு போயிடலாம். நரம்புக்குப் பயந்து மிச்சம் வச்சா திரும்ப வந்துடும். என்னைக் கேட்டா, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுடலாம். ஆனா வளர்ந்துகிட்டே போகுதான்னு எனக்குத் தெரியணும்."

"பொறந்ததுல இருந்து இப்படியேதான் இருக்கு" என்றேன் நான்.

"தினம் பாக்குற கண்ணுக்கு வளர்றது தெரியாதும்மா. பழைய போட்டோ எதாச்சும் இருந்தா எடுத்துட்டு வாங்க."

போட்டோவா? என் வீட்டுக்காரர் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. இத்தனை நாளும் ஆஸ்பத்திரி நடையில் திருதிருவென்று நின்றவருக்குத் தன்னால் ஆகிற காரியம் ஒன்று கிடைத்துவிட்டது. கடைக்குப் போய்த் தேடியெடுத்து, வருஷ வரிசையில் அடுக்கி, நல்ல தாளில் புதுசாகப் பிரிண்ட் போட்டு, ஒரு உறையில் வைத்து, மறுவாரம் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் டச்சிங் போட்ட படங்கள். அது அவருக்கு உறைக்கவேயில்லை. எங்களில் யாருக்குமே உறைக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு இது நம்பக்கூடியதாக இருக்காது. ஆனால் டச்சிங் போடாத படம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. எங்களுக்கு அது படத்தின் மேல் செய்கிற வேலை அல்ல, படம் என்றாலே அதுதான். எல்லாப் படத்திலும் பாப்பாவின் கன்னம் சமமாக இருந்தது. கடைசியாக எடுத்த கல்யாணக் கூட்டப் படத்தில் மட்டும், முகம் சின்னதாகத்தானே இருக்கிறது என்று அவர் அரைகுறையாக விட்டிருந்தார். அதில் கொஞ்சம் வீக்கம் தெரிந்தது. டாக்டர் அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாராம். பல வருஷம் ஒன்றுமில்லை, அப்புறம் லேசாக, இப்போது இவ்வளவு.

"வேகமா வளருது. சின்ன வயசுல எடுத்தது இப்பத்தான் திரும்பி வந்திருக்கு. இப்படியே போனா தொண்டையை அழுத்தும், மூச்சுக்கே சிரமமாயிடும். இனி விட்டு வைக்கிறது சரியில்ல" என்று சொல்லியிருக்கிறார். போட்டோ பொய் சொல்லாது என்று அந்தப் படித்த மனுஷி நினைத்துவிட்டார். என் வாய்ப் பேச்சுக்கு மதிப்பில்லை, எங்கள் கடைத் தாளுக்கு மதிப்பு இருந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே போனவளைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். காதிலிருந்து கழுத்து வரை கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய் இறங்கி, டீத்தண்ணீர் நிறத்தில் என்னவோ ஒரு குப்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. அது வற்றுகிற வரைக்கும் அவளை வீட்டுக்கு விடவில்லை. நான் சாப்பாட்டைக் கூழாகப் பிசைந்து கரண்டியில் ஊட்டினேன். இடது பக்கமாக வழிந்தது. கட்டு இறுக்கமாக இருக்கிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன். கன்னம் சமமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாசலில் மாட்டின படத்தில் இருக்கிற அதே கன்னம். பாப்பா மூச்சே விடாமல் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வலது பக்கம் மேலே போனது. இடது பக்கம் தொங்கினது தொங்கினபடியே கிடந்தது. அவள் மறுபடி சிரித்துப் பார்த்தாள். நான் கண்ணாடியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

டாக்டர் மறைக்கவில்லை. "ரெண்டு மூணு கிளை அந்தப் பஞ்சோடயே ஒட்டிப்போய் இருந்துச்சு. வெட்டல, ஆனா ரொம்ப இழுபட்டுடுச்சு. பொறுத்துப் பாக்கலாம்" என்றார்.

பொறுத்துப் பார்த்தோம். இடது கண் முழுசாக மூடாது. தூங்கப் போகிற முன்னால் சொட்டு மருந்து விட்டு இமையை இழுத்து நாடா ஒட்டுவேன். தினமும் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவி, கன்னத்தை உப்பு, புருவத்தைத் தூக்கு என்று பயிற்சி. நான் கூடவே நின்று செய்வேன். கொஞ்ச நாளில் என் முகம் நன்றாகத் தேறியது. "உங்களுக்கு நல்ல பலன் தெரியுது அண்ணி" என்பாள், பாதி வாயால்.

கடைக்கு வர ஆரம்பித்தாள். முதல் தடவை ஒரு கைக்குழந்தை வந்தபோது அவர் பழக்கத்தில், "பாப்பா, வா" என்றுவிட்டார். அவளும் பழக்கத்தில் வந்து குத்த வைத்து உட்கார்ந்தாள். காற்றை அடக்கினாள். உதடு சேராததால் காற்று 'புஸ்' என்று இடது ஓரமாக வெளியே போனது, கூடவே எச்சிலும். குழந்தை அவளைப் பார்த்தது. அழவில்லை, சிரிக்கவுமில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. பாப்பா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் என் வீட்டுக்காரர் அமுக்கினால் கீச்சிடுகிற ஒரு ரப்பர் வாத்து வாங்கிவந்து கேமராவுக்குப் பக்கத்தில் கட்டினார்.

நரம்பு திரும்பவில்லை. அது திரும்பவில்லை, வீக்கம் திரும்பிவிட்டது. அடுத்த மழைக்குச் சளி பிடித்த கையோடு, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் விரலை இழுத்துத் தன் காதுக்குக் கீழே வைத்தாள். மெத்தென்று ஒன்று நெளிந்தது. "வந்துட்டாரு பாருங்க, வெளியூர் போன வீட்டுக்காரரு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் தங்கியது.

மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய படங்களை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு படத்தில் நின்றார்.

"சின்ன வயசு ஆபரேஷன் தழும்பு தாடையில இருந்துச்சே. இந்தப் போட்டோல அது எங்க?"

என் வீட்டுக்காரர்தான் பேசினார். "அத நான் எடுத்துட்டேங்க. டச்சிங்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் விளக்கினார். எப்படித் தழும்பை அழிப்பது, எப்படி வலது கன்னத்தின் அளவுக்கு இடது கன்னத்தைக் குறைப்பது, தோலின் நிறம் மாறாமல் எப்படிக் கொண்டுவருவது என்றெல்லாம் பாடம் மாதிரி சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"எல்லாப் படத்துலயுமா?" என்றார் டாக்டர்.

"எல்லாத்துலயும்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத்தனை வருஷமா இதே அளவுதான்னு தெரிஞ்சிருந்தா நான் கத்தியே எடுத்திருக்க மாட்டேன்" என்றார். வாயால் சொன்னோமே அம்மா என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கண்ணைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். இனி என்ன செய்வது என்று கேட்டேன். மறுபடி கை வைத்தால் இருக்கிற நரம்பும் போய்விடும், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வளர்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு படம் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். "அப்படியே எடுத்தது" என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. பாப்பா எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, டாக்டரம்மா போட்டோவெல்லாம் பரப்புனப்பவே எனக்குத் தெரியும். நான்தான் வாயைத் திறக்கல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சொல்லியிருந்தா விட்டுடலாம்னு அனுப்பியிருப்பாங்க. எனக்கு எடுக்கணும்ணே. வாசல்ல மாட்டி வச்சிருக்கீங்களே ஒருத்தி, அவளா ஒரு நாள் இருந்து பாக்கணும்னு இருந்துச்சு. நரம்பு போகலாம்னு சொன்னாங்க. எனக்குப் போகாதுன்னு நெனச்சேன்."

"எனக்காக எதையாச்சும் சொல்லாத பாப்பா" என்றார் அவர். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். இன்றுவரை அவர் அதை நம்பவில்லை. தன் மனம் ஆறுவதற்காகத் தங்கை இட்டுக்கட்டினாள் என்றே நினைக்கிறார். நான் நம்புகிறேன். அந்த வாசல் படத்தை அவர் அன்றைக்கே கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

மாதப் படம் எடுக்கிற நாளில் நான் கடைக்குப் போவேன். போன மாதமும் போனேன். பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பழக்கதோஷத்தில் விளக்கை வலது பக்கம் தள்ளினார், இடது பக்கம் நிழலில் மறையும் என்று. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு பழையபடி நேராக வைத்தார். கேமராவில் கண்ணை வைத்தவர், ஆயுசு முழுக்கச் சொன்னதையே சொன்னார்: "சிரி." சொன்ன பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை எடுக்கவேயில்லை. அவள் சிரித்தாள், முடிந்த மட்டும். விளக்கு பளிச்சிட்டது.

மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு ஒடுங்கின அறைக்குப் போனேன். முன்னால் யாரோ குழந்தையோடு வந்திருந்தார்கள். வாத்து கீச்சிடுவது கேட்டது. பாப்பா தன் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தாள். மவுஸ் மெல்ல நகர்ந்தது. வீக்கத்தைத்தான் குறைக்கப் போகிறாள் என்று நினைத்து, "அதை அப்படியே விடு பாப்பா, டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன். அவள் வீக்கத்தைத் தொடவே இல்லை. தாடைக்குக் கீழே அது இருந்தபடியே இருந்தது. அவள் உதட்டின் இடது ஓரத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினாள். வலது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து இன்னும் கொஞ்சம் தூக்கினாள். கண்ணோரம் ஒரு சுருக்கம் வைத்தாள். திரையில் அவள் சிரித்தாள், வீங்கின கன்னத்தோடு, குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"இவதான் அண்ணி வேணும்" என்றாள். "வாசல்ல மாட்டியிருந்தவ வேணாம்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை மூடினாள். செய்த மாற்றத்தைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

டீ ஆறுகிறது, குடி என்றேன். கோப்பையை வாங்கி, வழியாமல் இருக்க வலது பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள்.